கரடித் தாடையில் மூங்கில் பல்

பஸ்ஸில் எனக்கு எதிரே யாராவது உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது வாயைத்தான். அவர்கள் கொட்டாவி விட்டால் எனக்கு அதிர்ஷ்டம். மாத்தளை டவுனில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் பதினெட்டு வருடமாகப் பொய்ப்பல் செய்துகொண்டிருக்கிறேன். டொக்டர் முன்னறையில் நோயாளியின் ஈறை அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவுக்குள் சாந்து ஊற்றி அச்சு எடுத்து, மெழுகில் பல் பதித்துப் பார்த்து, பிறகு பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பது என் வேலை. ஆள் யார் என்று பெரும்பாலும் எனக்குத் தெரியாது. அவருடைய வாயின் அச்சு மட்டும்தான் என் மேசைக்கு வரும்.

அந்த அச்சைப் பார்த்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. ஒரு பக்கமாகவே மெல்லுகிறவரைத் தெரியும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவரைத் தெரியும். நூலைப் பல்லால் அறுக்கிற தையல்காரிக்கு முன்பல் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பல வருடம் வெற்றிலை போட்டவரின் கடைவாய்ப் பல் மேடு பள்ளம் எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். டொக்டரே சில நேரம் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் என்ன ஆள் என்று என்னைக் கேட்பார். நானும் பெரிய ஜோசியக்காரி மாதிரி சொல்லுவேன்.

இப்படிப்பட்டவள் என் சொந்த வீட்டில், தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர் விஷயத்தில் கோட்டை விட்டேன். கோட்டை விட்டதோடு ஒரு பெரிய தப்பும் செய்தேன். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தது சீனாவில் மூங்கில் தின்றுகொண்டிருக்கும் ஒரு கரடி.

என் வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறவர். நாவுல பக்கம் போய்க் கத்தரிக்காய், போஞ்சி, பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போவார். எங்கள் வீடு அலுவிகாரையில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. லொறி ஓட்டத் தொடங்கிய இருபது வயதில், கண் சொக்காமல் இருக்க என்று யாரோ பழக்கிவிட்ட வெற்றிலை அவரைவிட்டுப் போகவே இல்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கூடவே ஒரு துண்டு பொயிலை. கலியாணமான நாளிலிருந்து நான் இதற்காகச் சண்டை பிடித்தேன். கெஞ்சிப் பார்த்தேன். பொட்டலத்தை ஒளித்து வைத்தேன். ஒரு முறை பதினோரு நாள் பேசாமல் இருந்தேன். அவர் அந்தப் பதினோரு நாளும் நிம்மதியாக வெற்றிலை போட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஈறு கைவிட்டது. ஆடிக்கொண்டிருந்த மிச்சப் பற்களை டொக்டர் மூன்று தடவையில் பிடுங்கி எடுத்தார். ஈறு ஆறியதும் அளவெடுத்து உள்ளே அனுப்பினார். உங்கள் வீட்டுக்காரர்தானே, நீங்களே பார்த்துப் பல்லைத் தெரிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அச்சு என் மேசையில் இருந்தது. எனக்குள் இருந்த கள்ளி விழித்துக்கொண்டாள்.

கடைவாய்க்கு வைக்கிற பிளாஸ்டிக் பல்லில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, மேடு உயர்ந்த பல். மேல்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்துக்குள் பூட்டுப் போட்ட மாதிரி போய் உட்காரும். பார்க்க அசல் பல்லைப் போலவே இருக்கும். மற்றது மேடே இல்லாத மட்டமான பல். பலகை மேல் பலகை வைத்தது போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அழகு கிடையாது. கீழ் ஈறு நன்றாக எழும்பி நிற்கிறவருக்கு உயர்ந்த பல் போடலாம். ஈறு கரைந்து தட்டையாகிப் போனவருக்கு அதைப் போட்டால், தாடை பக்கவாட்டில் அசையும்போதெல்லாம் மேடு மேட்டைத் தள்ளும், கீழ்ச்செட் பிடிமானம் இல்லாமல் எழும்பி வரும். இவருடைய கீழ் ஈறு தேய்ந்த படிக்கட்டு மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூட மட்டமான பல்லைத்தான் எடுக்கும்.

நான் உயர்ந்த பல்லை எடுத்தேன். தெரிந்துதான் எடுத்தேன். வெற்றிலையை மேலும் கீழும் கடித்து ஒன்றும் ஆகாது, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைக்க வேண்டும். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு அதைச் செய்யப் பார்த்தால் செட் கழன்று நாக்கில் விழும். சோறு கறிக்கு மேலும் கீழும் கடித்தால் போதும், அதற்கு ஒரு குறையும் வராது, வெற்றிலைக்கு மட்டும் கதவு அடைபடும் என்று நினைத்தேன். கெஞ்சலும் சண்டையும் செய்யாத வேலையைப் பல் செய்யட்டும். இருக்கிறதில் வெள்ளையான நிறமாகவும் பார்த்து எடுத்தேன், கறை பட அவருக்கே மனசு வராமல் இருக்க.

டொக்டர் வாயில் வைத்துப் பார்த்தார். மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார். அழகாக உட்கார்ந்திருக்கிறது என்றார். மூடித் திறக்கும்வரை அழகாகத்தான் இருக்கும். இவர் அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி வீதியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சிரித்தார். கோயில் வாசலில் பூக்காரியிடம் அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து, கையில் இருந்த தேங்காயை அங்கேயே உடைத்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

இரண்டு வாரத்துக்குள் உதடு வெளுத்துவிட்டது. வெற்றிலைச் சிவப்பு இல்லாத அந்த உதட்டை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. லொறியில் பொட்டலம் இல்லை, ஜன்னலுக்கு வெளியே துப்பிய கறை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு செட் பல்லில் முப்பது வருடப் பழக்கத்தை ஒழித்துவிட்டேன் என்று மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அவர் மெலியத் தொடங்கினார். கட்டிக் கொடுத்த சோறு பாதிக்குமேல் திரும்பி வந்தது. தம்புள்ளையில் சாப்பிட்டேன் என்பார். வீட்டில் பருப்பையும் சோற்றையும் குழம்பாகப் பிசைந்து விழுங்குவார், வாழைப்பழம் சாப்பிடுவார், பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுவார். போஞ்சிக்காயைக்கூடத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். காற்சட்டைப் பட்டியில் ஆணியால் புதுசாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும். ஏன் இப்படி ஓணான் மாதிரி போகிறீர்கள், ஊரில் என்னைத்தானே சொல்லுவார்கள் என்று அவரையே திட்டினேன். கிளினிக்குக்கு வாருங்கள், கொஞ்சம் தேய்த்துப் பார்க்கிறேன் என்று ஒரு நாள் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

"பல்லு நல்ல பல்லு. என் வாய்தான் சரியில்ல" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அந்த வெளுத்த உதட்டைப் பார்த்தேன். சொன்னால் நாளைக்கே மட்டமான பல் செய்து கொடுக்க வேண்டும், நாளன்றைக்கு உதடு சிவந்துவிடும். இன்னும் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சாப்பிடும்போது நான் அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மரக்கறி வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவரோடு லொறியில் ஏறித் தம்புள்ளைக்குப் போனேன். வெளியில் இவர் உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. சந்தை வாசலில் லொறிகள் வரிசையில் நின்றன. அங்கே லொறிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நிற்கும்போது யார் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தாலும், முன்னால் நிற்கிற லொறிக்காரருக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் போட்டுக்கொள்வார். சிங்கள ஆளா, தமிழ் ஆளா, முஸ்லிம் ஆளா என்று பார்ப்பதில்லை. நீட்டியதை வாங்காவிட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். எங்களுக்குப் பின்னால் நின்ற லொறியிலிருந்து ஒரு சிங்களவர் இறங்கி வந்து, மடித்த வெற்றிலையை ஜன்னல் வழியாக நீட்டினார். இவர் வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டினார். இது என் மனைவி தன் கையால் செய்தது, கறை பட்டால் பாவம் என்று சிங்களத்தில் சொன்னார். அந்த ஆள் குனிந்து என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொருளை இறக்கிய பிறகு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். எனக்குச் சோறு சொன்னார், தனக்கு ஒரு பணிஸும் பிளேன் டீயும் சொன்னார். நான் தட்டைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கையால் வாயை மறைத்து இரண்டு செட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பணிஸைத் தோய்த்து விழுங்கினார். சோறு வேண்டாமா என்று கேட்டதற்குக் காலையில் நிறையச் சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது என்றார். காலையில் அவர் சாப்பிட்டது அரை வாழைப்பழம். எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் நான் ரோட்டோரக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் கிளினிக் பூட்டு. மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கடக் கடக்கென்று சத்தம் வந்தது. யாரோ கட்டியான எதையோ கடித்து மெல்லுகிற சத்தம். என்னை அறியாமல் ஈரத் துணியோடு ஓடினேன். மனுசன் முறுக்குச் சாப்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போனிலிருந்து வந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு மொத்தமான மிருகம், குழந்தை மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து, மூங்கிலைக் கடித்துக்கொண்டிருந்தது.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் என்றார். முதலில் மனிதர்கள் நண்டும் கோழிக்காலும் சாப்பிடுகிற வீடியோ பார்த்தாராம். அதைப் பார்க்க வயிறு எரிந்ததால் மிருகங்கள் சாப்பிடுவதைப் பார்க்கத் தொடங்கினாராம். குதிரை, ஒட்டகம், முயல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் இந்தப் பாண்டாவிடம் வந்து நின்றுவிட்டாராம்.

"இங்க பாரு புள்ள, இது கரடி சாதியாம். நம்ம காட்டுக் கரடி புத்தப் பேத்துக் கரையான் திங்கும், பழம் திங்கும். இது மூங்கிலக் கடிக்குதே, இதுக்கு எப்புடி பல்லு தாங்குது?"

பல் என்று கேட்டால் நான் கீழே வைக்க மாட்டேன். போனை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூங்கிலை வாயோரத்தில் கொடுத்துப் பச்சைத் தோலைக் கீற்றுக் கீற்றாக உரித்தது. உரித்த தண்டை அப்படியே கடைவாய்க்குத் தள்ளி ஒரு கடி. பந்தல் கட்டுகிற அளவு தடிப்பான கம்பு இல்லைதான், ஆனாலும் என் மாதிரி ஆள் கத்தியை எடுக்க வேண்டிய தடிப்பு. வாய் திறந்த நேரம் பக்கத்தில் நீளமான வேட்டைப் பல் தெரிந்தது. நாய்க்கு இருக்கிற மாதிரியே. வேட்டைப் பல்லை வைத்துக்கொண்டு புல் தின்கிற இது என்ன பிறவி என்று அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

மறுநாளிலிருந்து கிளினிக்கில் சாப்பாட்டு நேரமெல்லாம் எனக்குப் பாண்டாதான். மண்டையோட்டின் படங்களைத் தேடிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாய், பூனை, கரடி எல்லாம் ஒரே பெரிய குடும்பம், இறைச்சி தின்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் நாய்க்கும் பூனைக்கும் கடைவாயில் கத்தரிக்கோல் மாதிரி ஒரு சோடிப் பல் இருக்கும். மேல்பல் கீழ்ப்பல்லை உரசிக்கொண்டு இறங்கி இறைச்சியை வெட்டும். பாண்டாவுக்கு அதே இடத்தில் அதே பல் இருக்கிறது, ஆனால் கூர் போய்விட்டது. அகன்று, பருத்து, மேலே சின்னச் சின்ன முண்டுகளோடு, கொத்திய அம்மி மாதிரி ஆகியிருக்கிறது. கடைசிப் பல் என் பெருவிரலின் மேல்கணுவைவிடப் பெரியது. ஆசை அடங்காமல் மெழுகில் அப்படி ஒன்று செய்து, மனிதக் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யானைக்குப் பக்கத்தில் பன்றிக்குட்டி நிற்பது போல இருந்தது.

படிக்கப் படிக்க ஆச்சரியம் கூடியது. மென்று மென்று கன்னத்துத் தசை பெருத்து, அந்தத் தசை பிடித்துக்கொள்ள இடம் வேண்டும் என்று மண்டையின் உச்சியில் எலும்பு வரம்பு கட்டியிருக்கிறது. நாம் குண்டு முகம் என்று கொஞ்சுவது உண்மையில் மெல்லுகிற தசை. பல்லின் மேல்பூச்சில் கடித்த அழுத்தத்தால் மிக நுண்ணிய பள்ளம் விழுந்தால், வாயின் ஈரத்தில் அது கொஞ்சம் தானாகவே எழும்பிக்கொள்ளுமாம். என்னுடைய பிளாஸ்டிக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இவ்வளவும் மாறிய பிறகும் வயிறு மட்டும் மாறவில்லை. குடல் இன்னும் இறைச்சி தின்னியின் கட்டைக் குடல்தான். தின்ற மூங்கிலில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். அதனால் விழித்திருக்கிற நேரமெல்லாம் மென்றுகொண்டே இருக்க வேண்டும். பாவம், அது ஆசைக்குத் தின்பதில்லை, வேறு வழியில்லாமல் தின்கிறது.

ஒரு நாள் மண்டையோட்டின் பின்பக்கப் படம் ஒன்று கிடைத்தது. தாடை வந்து மண்டையில் மாட்டுகிற இடம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்த இடம் தட்டையாக இருக்கும், அதனால்தான் அசை போடும்போது தாடை பக்கவாட்டில் போய்ப் போய் வருகிறது. பாண்டாவுக்கு அப்படியில்லை. தாடையின் குமிழை எலும்பு முன்னும் பின்னும் உதடு போல மடிந்து பிடித்திருந்தது, கதவுக் கீல் மாதிரி. அது இறைச்சி தின்னியின் கீல். மேலும் கீழும் திறக்கும், பக்கவாட்டில் அவ்வளவாக அசையாது. புல் தின்னி ஆகியும் பாண்டா மாடு போல அரைப்பதில்லை, நொறுக்குகிறது. தீனி மாறியது, பல் மாறியது, கீல் அப்படியே நின்றுவிட்டது. நின்றுபோன கீலுக்கு ஏற்ற மாதிரிதான் அந்த முண்டுப் பல் அமைந்திருக்கிறது.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் தப்பு எனக்குத் தெரிந்தது. நான் அவருக்குப் பல் பதித்தபோது அச்சைப் பார்த்தேன், ஈறைப் பார்த்தேன், வெற்றிலையை நினைத்தேன். கீலைப் பார்க்கவே இல்லை. மனிதனுக்கு அந்தக் கீல் தளர்வானது, பழக்குகிற பக்கமெல்லாம் போகும். முப்பது வருடம் வெற்றிலை அரைத்த தாடை, சோறு வந்தால் மட்டும் ஒழுங்காக மேலும் கீழும் கடிக்கும் என்று நான் எதை வைத்து நம்பினேன்?

அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணியில் தோய்த்த பாணைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, பேசாமல் மெல்லுங்கள் என்றேன். என்ன விளையாட்டு இது என்று கேட்டுவிட்டு மென்றார். மெல்லவே தேவையில்லாத ஊறிய பாண் அது. என் விரலுக்கடியில் தாடை எலும்பு வலப்பக்கம் வழுக்கியது, இடப்பக்கம் வழுக்கியது. ஆடு அசை போடுவது போல, நிதானமாக, ஒரு வாய்க்கு ஏழெட்டுத் தடவை. அவருக்கு வேறு விதமாக மெல்லவே தெரியாது. நான் வெற்றிலைக்கு மட்டும் போட்டதாக நினைத்த பூட்டு, சோற்றுக்கும் மரக்கறிக்கும் இறைச்சிக்கும் சேர்த்து விழுந்திருந்தது. ஐந்து மாதம் அந்த மனிதரைப் பட்டினி போட்டது நான்.

மறுநாள் காலையிலேயே டொக்டரிடம், நான் தப்பான பல்லைப் போட்டுவிட்டேன், திரும்பச் செய்ய வேண்டும் என்றேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நல்ல ஆள் நீங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, செட்டை மாற்றிப் பார்ப்போம் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மறுபடி அளவெடுத்தார். இந்தத் தடவை மட்டமான பல்லை எடுத்தேன். பாண்டாவைப் பார்த்து வந்த ஆசையில் அகலமான பல்லாகப் போட நினைத்தேன். ஆனால் நாக்குக்கு இடம் போதாது, கன்னம் கடிபடும் என்று குறுகலானதையே எடுத்தேன். கீழ்ப்பற்களை ஈறின் நடுவில் நேர் மேலே நிறுத்தினேன். மெழுகோடு வைத்துப் பலகை மேல் பலகையாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வழுக்கிப் பார்த்தேன். இந்தப் பல்லால் வெற்றிலையும் அருமையாக அரைபடும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பல்லைப் பதிக்கும்போதும் அது தெரிந்துகொண்டேதான் பதித்தேன். அழுகையாக வந்தது. ஆனாலும் பதித்தேன்.

புதுப் பல் வந்த ஞாயிறு மத்தியானம் தேங்காய் ரொட்டி சுட்டேன், மொத்தமாக, நன்றாகக் கருக. கூடவே கட்டச் சம்பல். அவர் ஒரு துண்டைப் பிய்த்துப் பயந்து பயந்து வாயில் வைத்தார். தாடை வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது. கீழ்ச்செட் அசையவில்லை. மென்றார். இன்னொரு துண்டு பிய்த்தார். ஒரு முழு ரொட்டி போன பிறகுதான் தலை நிமிர்ந்தார். இரண்டாவது முடியும்வரை நான் காத்திருந்தேன். மூன்றாவதை அவர் எடுத்தபோது சொல்லிவிட்டேன்.

"என்னங்க, உங்க வாயில ஒரு கோளாறும் இல்ல. நாந்தான் வேணும்னே அந்தப் பல்லப் போட்டேன். நீங்க வெத்தல போடக் கூடாதுன்னு. சோறும் திங்க முடியாமப் போகும்னு எனக்குத் தெரியாது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தட்டைத் தள்ளுவார், கத்துவார், எழும்பிப் போவார் என்று ஒவ்வொன்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அப்ப என் வாயில ஒண்ணும் இல்லயா?" என்றார்.

இல்லை என்றுதானே சொல்கிறேன் என்றேன். அவர் திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது குரல் உடைந்தது. அப்போதுதான் அவர் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நாவுலயிலிருந்து அவரோடு சேர்ந்து ஓடிய லொறிக்காரர் ஒருவர் வாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாராம். அவருக்கும் முதலில் பல் செட் நிற்கவில்லை என்றுதான் தொடங்கியதாம். தன் செட் எழும்பத் தொடங்கிய நாளிலேயே இவர் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். வெற்றிலையை அன்றைக்கே விட்டுவிட்டார். கறை படும் என்று சொன்னதெல்லாம் மற்றவர்களுக்கு. தினமும் காலையில் லொறிக் கண்ணாடியில், போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்துத் தேடிப் பார்ப்பாராம்.

நான் பல் செய்கிறவள், நோய் பார்க்கிறவள் இல்லை. ஒன்றும் இல்லை என்று என் வாயால் சொன்னது போதாது. மறுநாள் கிளினிக்கில் டொக்டர் விளக்கை வைத்துக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, தொண்டை எல்லாவற்றையும் பார்த்தார். ஈறுகளை விரலால் தடவிப் பார்த்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை, வெற்றிலை போட்ட வாய் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், திரும்பப் போடவே கூடாது என்றார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வெளியே வந்ததும் ரோட்டோரக் கடலை வண்டியில் வறுத்த கடலை வாங்கினார். வாயில் போட்டு மென்றுகொண்டே நடந்தார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டு பின்னால் போனேன். அவர் நின்றார்.

"நீ வாயப் பாக்குற வேல செய்றவ. அஞ்சு மாசமா என்கிட்ட ஒழுங்காப் பேசல, நான் சாப்பிட ஒக்காந்தா எந்திரிச்சிப் போயிருவ. ஒனக்குத் தெரிஞ்சிருச்சி, சொல்ல மனசு வரலன்னு நெனச்சேன். அதான் நானும் கேக்கல."

டவுன் நடுவில், பட்டப்பகலில், தெரிந்தவர்கள் பார்க்க நான் அழுதேன். அவர் கடலைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, நாவுலயில் போஞ்சிக்காய் காத்திருக்கிறது என்று லொறியை எடுக்கப் போனார்.